உப்புக் காற்று செய்யாத குற்றம்

கோட்டக்குப்பத்தில் கணினிக்கு எது வந்தாலும் தீர்ப்பு தயாராக இருக்கும்: "கடலோரம் இல்லையா, உப்புக் காத்து." பெட்டியைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள். இங்கிருந்து மரக்காணத்து உப்பளங்கள் வரை கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் இதே பேச்சுதான். "பக்கத்துக் கடையில் இதே சாஃப்ட்வேர் நன்றாக ஓடுகிறதே?" என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் கேட்டதே அவர்களுக்கு இன்னொரு சாட்சியாகிவிடும். "அதான் சொல்றேன். அங்க ஓடுது, இங்க ஓடல. அப்ப கோளாறு இந்த சிஸ்டத்துலதான்." அடுத்தது வைத்தியம்: "ஃபார்மேட் அடிச்சுடலாம்." அதற்கும் மசியாவிட்டால், "பழசாயிடுச்சுண்ணே, புதுசா ஒண்ணு வாங்கிடுங்க."

டிடிபி மேசையில் பல காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காரணம், தீர்ப்பு, வைத்தியம் மூன்றும் தப்பு. அதிலும் நடுவில் இருக்கிற தீர்ப்பு ஆபத்தானது. சர்வீஸ்காரர் மட்டுமா அதைச் சொல்கிறார்? மென்பொருள் விற்றவர், அலுவலக மேலாளர், வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓடுகிற கணினி யோக்கியன், ஓடாத கணினி குற்றவாளி என்பது இந்நாட்டில் எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டது. நான் அதற்கு நேர்மாறாகச் சொல்ல வருகிறேன். ஒரே மென்பொருள் ஓரிடத்தில் ஓடி இன்னோரிடத்தில் ஓடாதபோது முதலில் விசாரிக்கப்பட வேண்டியது ஓடுகிற கணினிதான்.

உப்புக் காற்றை முதலில் விடுதலை செய்துவிடுவோம். அது அப்பாவி என்று சொல்லவில்லை. கடலோரத்தில் இரும்புக் கேட்டைத் தின்கிற காற்று மதர்போர்டை மட்டும் விட்டுவைக்காது. ராம் பட்டையின் தொடுமுனைகளில் பாசி மாதிரிப் படியும். கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகினால் பெட்டி உயிர்பெறும். இது இந்தக் கரையில் எல்லா சர்வீஸ்காரருக்கும் கைவந்த வித்தை, பலன் தருகிற வித்தையும்கூட. ஆனால் அரிப்பு வந்த பெட்டியின் நடத்தை வேறு. அது ஆனாகாது, ஆனானாலும் நடுவில் அணையும், இன்றைக்கு வேர்டில் நிற்கும், நாளைக்குப் பாட்டு கேட்கும்போது நிற்கும். எங்கே விழும் என்று சொல்ல முடியாது. நாம் பேசுகிற கோளாறு அப்படிப்பட்டதா? மற்ற எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. குறிப்பிட்ட ஒரு மென்பொருள் மட்டும், குறிப்பிட்ட ஒரே இடத்தில், ஒவ்வொரு தடவையும் ஒரே பிழைச்செய்தியோடு நிற்கிறது. உப்புக்கு அவ்வளவு கணக்குப் பார்த்து வேலை செய்யத் தெரியாது.

சரி, காரணம் எங்கே இருக்கிறது? இரண்டு பெட்டிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில். ஒன்றில் இருக்கும் ஏதோ ஒன்று மற்றதில் இல்லை. ஒரு எழுத்துரு, ஒரு துணைக்கோப்பு, ஒரு டிக் அடையாளம், தேதி எழுதும் முறை, பயனர் அனுமதி, பதிப்பு எண் என்று எதுவாகவும் இருக்கலாம். மென்பொருளை எழுதியவர் அதைத் தனியாகக் கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. தன் கணினியில் ஏற்கெனவே இருந்ததால் அது தேவை என்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்று. ஓடுகிற கணினி அந்தத் தேவையை மூடி மறைக்கிறது. ஓடாத கணினிதான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்கிறது, நாம் அதன் வாயில் அடிக்கிறோம்.

இதற்குச் சான்று தேடி அமெரிக்கா போக வேண்டாம். தமிழைக் கணினியில் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து நம் மொழி பட்ட பாடே போதும்.

யுனிகோடு பரவாத காலத்தில் தமிழ் எழுத்துரு என்பது ஒரு வேடம். கோப்புக்குள்ளே ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான் இருக்கும். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகமூடியை மாட்டும். பாமினியில் 'தமிழ்' என்று அடித்த கோப்பை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகள் நிற்கும். 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அரசு அலுவலகங்களில் வானவில், இலங்கைத் தமிழரிடம் பாமினி, அச்சகங்களில் ஸ்ரீலிபி, இணையத்தில் கூடி விவாதித்தவர்களிடம் திஸ்கி என்று ஆளுக்கொரு முகமூடி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு தரங்களும் ஒரு விசைப்பலகையும் பரிந்துரைக்கப்பட்டன. அந்த விசைப்பலகை தமிழ்99 என்ற பெயரில் இன்றும் நம் கையில் இருக்கிறது. தரங்கள் இரண்டும் பழைய முகமூடிகளுக்குப் பக்கத்தில் புது முகமூடிகளாகத் தொங்கின.

அந்நாளில் கோப்பு அனுப்பியவரிடம் தொலைபேசியில் கேட்டால் வருகிற பதில் எல்லோருக்கும் மனப்பாடம்: "எங்க சிஸ்டத்துல கரெக்டா தெரியுதே!" தெரியும்தான். அவர் கணினியில் எழுத்துரு இருந்தது. கோப்பில் தமிழே இல்லை என்ற உண்மையை அந்த எழுத்துரு மறைத்து வைத்திருந்தது. இல்லாத கணினி, கோப்பில் உள்ளதை உள்ளபடி காட்டியது. இரண்டில் எது பொய் சொன்னது?

திஸ்கியில் நடந்த ஒரு கூத்து இதைவிட நுணுக்கமானது. அதில் 'இ' என்ற எழுத்துக்கு 173 என்ற இடம் கிடைத்திருந்தது. உலகப் பொதுவான ஒழுங்கில் அந்த இடம் மறைந்திருக்கும் இணைகோட்டுக்கு உரியது. வரியின் ஓரத்தில் சொல் ஒடியும்போது மட்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டிய கோடு. ஆகவே சில மென்பொருள்கள் அதைத் தமிழ் எழுத்தாகக் காட்டின. ஒழுங்கை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்த சில மென்பொருள்கள் அதை விழுங்கின. ஒரு கணினியில் 'இலங்கை', மற்றொன்றில் 'லங்கை'. விதியை மதித்த கணினிதான் நம் கண்ணுக்குப் பழுதாகத் தெரிந்தது. கடைசியில் 'இ'க்கு வேறு இடம் கொடுக்க வேண்டி வந்தது.

யுனிகோடு வந்ததும் எல்லாம் தீர்ந்தது என்பார்கள். யுனிகோட்டின் முதல் பதிப்பு 1991லேயே வந்துவிட்டது, அதில் தமிழும் இருந்தது. ஆனால் எழுத்துக்கு இடம் கொடுப்பது ஒன்று, அதைத் திரையில் சரியாக வரைவது இன்னொன்று. 'கெ' என்று அடித்தால் நினைவகத்தில் ககரம் முதலில், கொம்பு பின்னால். திரையில் கொம்பு முன்னால் வந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஓர் இயந்திரம் வேண்டும். விண்டோஸில் தமிழுக்கு அது 2000ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் வந்தது, லதா எழுத்துருவோடு. அடுத்து வந்த எக்ஸ்பியிலும் அது தானாக விழித்திருக்கவில்லை. கண்ட்ரோல் பேனலில் மொழி அமைப்புக்குள் போய், சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டதும் அது எக்ஸ்பி சிடியைக் கேட்கும். சிடி யாரிடம் இருக்கும்? எனவே ஒரே தெருவில், ஒரே எக்ஸ்பி உள்ள இரண்டு கணினிகளில் ஒன்று தமிழ் காட்டியது, மற்றது கட்டம் கட்டமாகக் காட்டியது. கட்டம் காட்டியதை 'வைரஸ் ஏறிடுச்சு' என்று ஃபார்மேட் அடித்தார்கள். அடித்து, மறுபடி அதே எக்ஸ்பியைப் போட்டு, மறுபடி டிக் போடாமல் கொடுத்தார்கள். ஒரே ஒரு டிக். அது தெரியாமல் எத்தனை வீட்டுப் புகைப்படங்கள் அழிந்திருக்கும்!

"அதெல்லாம் பழைய கதை" என்று இன்றைக்கு யாராவது சொன்னால் அவரைக் கல்யாண சீசனில் எங்கள் ஊர் டிடிபி கடைக்கு வரச் சொல்லுங்கள். கோட்டக்குப்பத்தில் பத்திரிகை அடித்து, எல்லையைத் தாண்டி முத்தியால்பேட்டை வழியாகப் புதுச்சேரியில் அச்சுக்குக் கொடுப்பது சாதாரணம். கோரல்டிராவில் வடிவமைத்தவர் கோப்பை அனுப்பியதும் அச்சகத்திலிருந்து வருகிற முதல் வார்த்தை: "கர்வ்ஸ் பண்ணிக் கொடுங்க." அதாவது எழுத்தை எழுத்தாக வைக்காதே, கோட்டோவியமாக உருக்கிவிடு, உன் எழுத்துரு என் கணினியில் இருக்குமா என்ற கேள்வியே வராது. இரண்டாவது வார்த்தை: "டவுன் வெர்ஷன்ல சேவ் பண்ணுங்க." இந்த இரண்டு வார்த்தைகளையும் நான் மதிக்கிறேன். அச்சகத்துக்காரர் எந்தக் கணினியையும் பழிக்கவில்லை. வேறுபாடு எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு அதை முன்கூட்டியே அடைக்கிறார். அதற்கு ஒரு விலையும் உண்டு: கர்வ்ஸ் பண்ணிய பிறகு மணமகனின் அத்தா பெயரில் ஒற்று விடுபட்டது தெரிந்தால் திருத்த முடியாது, மூலக் கோப்புக்குத் திரும்ப வேண்டும்.

பிளெக்ஸ் பேனர் போடுகிறவர்களின் கதை இன்னும் வேடிக்கை. ஒரே பழைய பதிப்பு ஃபோட்டோஷாப், ஒரே எழுத்துரு, ஒரே யுனிகோடு வரி. ஒரு கணினியில் 'கோட்டக்குப்பம்' ஒழுங்காக வருகிறது. மற்றதில் கொம்பும் காலும் சிதறி, புள்ளிவட்டம் முளைத்து, முதல் எழுத்து மூன்று துண்டாக நிற்கிறது. காரணம் விருப்ப அமைப்புகளுக்குள், எழுத்து என்ற பகுதியில் ஒளிந்திருக்கும் ஒரு தேர்வு. எழுத்தை வரையும் இயந்திரம் லத்தீன், கிழக்காசிய மொழிகளுக்கு உரியதா, தெற்காசிய மொழிகளையும் சேர்த்துக் கையாளுவதா என்று அங்கே கேட்டிருக்கும். சரியாக ஓடும் கணினியில் எப்போதோ யாரோ அதை மாற்றி வைத்துவிட்டுப் போயிருப்பார். மாற்றியவரே மறந்திருப்பார். ஓடாத கணினி, கம்பெனி கொடுத்தபடி கன்னி கழியாமல் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள், எந்தக் கணினியில் என்ன 'கோளாறு'? இது தெரியாமல் சிதறிய எழுத்தோடே அச்சடித்து நாற்சந்தியில் கட்டிய பேனர்களை நம் ஊர்களில் பார்க்காதவர் யார்.

கண்ணுக்குத் தெரியும் கோளாறாவது பரவாயில்லை. 'கொ' என்பதை ககரத்தோடு 'ொ' என்ற ஒரே குறியாகச் சேர்த்தும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்படி எழுதப்படாத மென்பொருளுக்கு அவை வேறு வேறு சொற்கள். பழைய ஆப்பிள் கணினிகள் கோப்பின் பெயரைப் பிரித்தே சேமித்தன. விண்டோஸ் அடித்ததை அடித்தபடி வைக்கும். எனவே பட்டியலில் பெயர் கண்ணெதிரே இருக்கும், தேடினால் 'இல்லை' என்று வரும். 'ஸ்ரீ'யும் அப்படித்தான். அந்த எழுத்துக்குள் இருக்கும் ஶகரத்துக்கு 2005இல் யுனிகோட்டில் தனி இடம் கிடைத்தது. அதற்கு முன் ஸகரத்தை வைத்தே எழுதிவந்தார்கள். இன்று இரண்டும் புழங்குகின்றன. ஒரு விசைப்பலகையில் அடித்த ஸ்ரீயை இன்னொரு விசைப்பலகையில் அடித்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம். அரசு அலுவலகத்தில் ஒருவர் மேசையில் கிடைக்கிற மனுதாரர் பெயர் அடுத்த மேசையில் கிடைக்காதபோது, அந்த அடுத்த மேசைக் கணினியைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்குப் போவதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. மனு கொடுத்தவருக்குச் சிரிப்பு வராது.

ஃபார்மேட்டுக்கு வருவோம். அதன்மேல் எனக்குள்ள முதல் புகார், அது தடயத்தை அழிக்கிறது என்பது. இரண்டு கணினிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் வேறுபாடு தெரியும். ஒன்றைத் துடைத்துவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? அது சில சமயம் பலிக்கிறது, மறுக்கவில்லை. பலித்தாலும் எதனால் பலித்தது என்று அடித்தவருக்கே தெரியாது. எனவே அதே கோளாறு அடுத்த மாதம் வந்தால் அடுத்த மாதமும் ஃபார்மேட். இரண்டாவது புகார் இன்னும் கடுமையானது: ஃபார்மேட்டே புதுக் கோளாறை உண்டாக்குகிறது. புதிதாக விண்டோஸ் போடுகிறவர் வட்டாரம் கேட்கும் இடத்தில் பெரும்பாலும் எதையும் மாற்றுவதில்லை. அமெரிக்க ஆங்கிலம் என்று இருப்பதை அப்படியே விட்டு அடுத்ததை அழுத்திவிடுகிறார். அமெரிக்காவில் மாதம் முன்னால், தேதி பின்னால்.

மரக்காணத்திலிருந்து கிளம்பும் உப்பு லோடுகளின் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிஎஸ்வி கோப்பாக மின்னஞ்சலில் வருகிறது. தேதி, லாரி, டன் என்று பத்திகள். ஏப்ரல் மாதம், உப்பு வாருகிற உச்சக் காலம். 05/04/2024 என்ற வரியை அமெரிக்க அமைப்புள்ள எக்செல் மே 4 என்று எடுத்துக்கொள்ளும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. 12ஆம் தேதி வரை இப்படியே போகும், 12/04 டிசம்பர் 4 ஆகிவிடும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் மூழ்கிக் கிடக்கும். கணக்கில் மட்டும் லோடு போகும். 13/04க்கு வந்ததும் பதின்மூன்றாம் மாதம் இல்லாததால் எக்செல் அதைத் தேதியாகவே கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைக்கும். எழுத்து, கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நிற்கும்; தேதி வலப்பக்கம் ஒட்டி நிற்கும். தேதிப் பத்தியில் பாதி வலமும் பாதி இடமுமாக நிற்பதைக் கண்டால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை, வட்டார அமைப்பைப் போய்ப் பாருங்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொன்று, பிரான்ஸிலிருந்து வரும் மடிக்கணினி. புதுச்சேரியிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் பிரான்ஸில் வேலை பார்க்கும் உறவு இருக்கிற குடும்பங்கள் நிறைய. விடுமுறைக்கு வருகிறவர் தன் பழைய மடிக்கணினியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போவார். பிரெஞ்சு அமைப்பில் பதினெட்டரை டன் என்பதைப் புள்ளியிட்டு எழுதுவதில்லை, காற்புள்ளியிட்டு எழுதுவார்கள். பத்திகளைப் பிரிக்கக் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி. ஆகவே நம் சிஎஸ்வி அதில் திறந்தால் தேதி, லாரி, டன் எல்லாம் ஒரே பத்தியில் குவிந்து கிடக்கும். கஷ்டப்பட்டுப் பிரித்தாலும் 18.5 என்பது அதற்கு எண்ணே இல்லை. கூட்டச் சொன்னால் பூஜ்யம் காட்டும். அண்ணன் கொடுத்த லேப்டாப் 'ராசியில்லாதது' என்று பெயர் வாங்கிக்கொண்டு பரணுக்குப் போகும். ராசியும் இல்லை, உப்பும் இல்லை. அது பாரிஸ் கணக்கு போடுகிறது, அவ்வளவுதான்.

எதிர்த் தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தாண்டிப் போகக் கூடாது. "சில நேரம் உண்மையிலேயே பெட்டிதானே கெட்டிருக்கும்?" ஆம். உலகறிந்த வழக்கே இருக்கிறது. 1994இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டும் கணக்கொன்றைப் பல கணினிகளில் ஓட்டிக்கொண்டிருந்தார். புதிதாக வாங்கிச் சேர்த்த பென்டியம் கணினியில் விடை ஒத்துவரவில்லை. அவர் உடனே பென்டியத்தின்மேல் பாயவில்லை. தன் நிரலைச் சந்தேகித்தார். அதை மொழிபெயர்த்த கம்பைலரைச் சந்தேகித்தார். மற்ற பாகங்களைச் சந்தேகித்தார். ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி ஓட்டி, பழைய 486 கணினியில் கோளாறு இல்லை, பென்டியத்தில் மட்டும் இருக்கிறது என்று உறுதியாக மாதங்கள் ஆயின. அக்டோபரில்தான் வெளியே சொன்னார். சில்லுக்குள் வகுத்தலுக்கான அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டுப் போயிருந்தன. 4195835ஐ 3145727ஆல் வகுத்தால் 1.3338 என்று தொடங்க வேண்டிய விடை, அதில் 1.3337 என்று வந்தது. சாதாரணப் பயனருக்கு இது 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் எதிர்ப்படும் என்று இன்டெல் சமாதானம் சொல்லிப் பார்த்தது; டிசம்பரில் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றித் தர ஒப்புக்கொண்டது; அதற்காக ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

பெட்டிதான் குற்றவாளி என்று தெரிந்த இந்த வழக்கிலும் நம்மவர் தீர்ப்புக்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள். பழுதானது புதுக் கணினி, பழையது சரி. 'பழசாயிடுச்சு, புதுசு வாங்குங்க' என்ற அறிவுரையை நைஸ்லி கேட்டிருந்தால் இருந்த எல்லாக் கணினிகளையும் தூக்கிப் போட்டுவிட்டு, தப்பாக வகுக்கிறவற்றை வாங்கி அடுக்கி, எல்லாம் ஒரே விடை தருகின்றன என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார். விடைகள் ஒத்துப்போகாமல் இருந்ததே அவருக்குக் கிடைத்த வரம்.

ஓரிடத்தில் ஓடியதை நன்னடத்தைச் சான்றிதழாக எடுத்துக்கொள்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1996 ஜூன் 4ஐச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட், புறப்பட்டுச் சுமார் 40 நொடியில் சிதறியது. திசையறியும் கருவிக்கான மென்பொருள் ஏரியான் 4இலிருந்து வந்தது. அங்கே ஒழுங்காக ஓடியது. புது ராக்கெட் வேகமானது. ஓர் எண் பழைய அளவுக்குள் அடங்காமல் வழிந்தது. பழைய ராக்கெட்டின் மெதுவான போக்கு அத்தனை நாளும் அந்தப் பிழையைப் போர்த்தி வைத்திருந்தது. அந்த மென்பொருளுக்கு வாயிருந்தால் ராக்கெட் கோணல் என்று சொல்லியிருக்கும், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக.

"இப்போது எல்லாம் பிரவுசரில்தானே? எந்தக் கணினியாக இருந்தால் என்ன?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032. அது செத்தால் கணினி ஒவ்வொரு முறையும் பல ஆண்டு பின்னால் போய் எழும். அதன் கணக்கில் வங்கித் தளத்தின் சான்றிதழுக்கு இன்னும் காலமே பிறக்கவில்லை. எனவே பாதுகாப்பில்லை என்று கதவைச் சாத்தும். பக்கத்துக் கணினியில் தளம் திறக்கும். திரையின் மூலையில் உள்ள தேதியைப் பார்த்தால் முடிந்துபோகிற விஷயம் இது. பிரவுசரை நீக்கி, ஆன்டிவைரஸை நீக்கி, கடைசியில் விண்டோஸையும் நீக்கிய பிறகே பலர் தேதியைப் பார்க்கிறார்கள். 2021 செப்டம்பர் 30 அன்று இதன் மறுபக்கம் நடந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் பல சாய்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் ஒன்று அன்று காலாவதியானது. முந்தின நாள் வரை ஓடிய, நெடுநாள் புதுப்பிக்காத கருவிகளில் தளங்கள் பல திறக்காமல் போயின. கருவியில் யாரும் கை வைக்கவில்லை. மாறியது நாள்காட்டி.

ஆதார் விரல்ரேகைக் கருவியும் பிரவுசரில்தான் ஓடுகிறது. ஆனால் அந்தப் பக்கம், அதே கணினிக்குள் பின்னணியில் ஓடும் ஆர்டி சர்வீஸ் என்ற நிரலை 11100 முதல் 11120 வரையுள்ள போர்ட்டுகளில் தேடிப் பேச வேண்டும். ஆன்டிவைரஸ் அந்தப் பேச்சை மறித்தாலோ, ஆர்டி சர்வீஸ் பழைய பதிப்பாக இருந்தாலோ கருவி விளக்கு எரியும், ரேகை ஏறாது. அப்போது கோளாறு கணினியையும் தாண்டி ஆள்மேல் ஏறுகிறது. "பாட்டி, உங்க ரேகை தேஞ்சு போச்சு." உப்பளத்தில் காலமெல்லாம் வாரிப் போட்டவரின் ரேகை தேயும் என்பது உண்மைதான். அதனாலேயே அந்த விளக்கம் சுலபமாகச் செல்லுபடியாகிறது. அடுத்த வரிசையில் இருக்கும் கணினியில் ஒருமுறை வைத்துப் பார்க்கக்கூடத் தோன்றாமல் அவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். கணினியைச் சந்தேகிக்காமல் பழகிய கை மனிதரைச் சந்தேகிக்கத் தயங்காது என்பதுதான் எனக்கு இதில் கசப்பு.

நேரமில்லை என்பது கடைசிச் சாக்கு. சர்வீஸ்காரரைக் கேட்டால், "ஒப்பிட்டுப் பார்த்துக்கிட்டு இருந்தா நான் எப்படிண்ணே பொழைக்கிறது?" என்பார். நியாயமான கேள்வி. ஃபார்மேட் அடித்தால் கூலி கொடுக்கிறோம், யோசித்து ஒரு டிக்கை மாற்றினால் "இதுக்கா காசு?" என்கிறோம். தப்பு அவரிடம் மட்டும் இல்லை. ஆனால் நேரக் கணக்கு பொய். ஃபார்மேட் அடித்து, விண்டோஸ் போட்டு, பிரிண்டர் டிரைவர் தேடி, எழுத்துருக்களை ஏற்றி, பழைய கோப்புகளைத் திரும்பக் கொட்ட அரை நாள் போகும். ஒப்பீடு அவ்வளவு கேட்காது. முதலில் அதே கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கு திறந்து மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். ஓடினால் பெட்டியும் விண்டோஸும் பெரும்பாலும் தப்பித்தன, பழைய கணக்கின் அமைப்பில் ஏதோ இருக்கிறது. ஓடாவிட்டால் பிழைச்செய்தியை மூடாமல் முழுதாகப் படியுங்கள். எம்எஸ்விசிஆர் என்று தொடங்கும் ஒரு கோப்பைக் காணோம் என்று அது தெளிவாகச் சொல்லிக்கொண்டிருக்கும். அது மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் துணைப்பொதிக்குள் இருக்கிறது. அந்த ஒரு கோப்பைத் தனியாக எங்கிருந்தோ இறக்கிப் போடுகிறவர்கள் அதோடு வைரஸையும் இறக்குகிறார்கள். பிறகு இரண்டு கணினிகளின் மென்பொருள் பதிப்பு, விண்டோஸ் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, வட்டார அமைப்பு, எழுத்துரு ஆகியவற்றை எதிரெதிரே வைத்துப் பாருங்கள். வேறுபடுவதில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டுங்கள். ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால் நைஸ்லி செய்ததைச் செய்யவில்லை, ஃபார்மேட்டின் தம்பியைச் செய்கிறீர்கள்.

இதில் பாதி வேலை வாங்குகிறவர் தலையில் விழவே கூடாதது. பில்லிங் மென்பொருள் விற்க வருகிறவர், "எங்க ஆபீஸ்ல ஓடுது சார், உங்க சிஸ்டத்தை மாத்துங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப நாம் விடுகிறோம். விடக் கூடாது. அவர் அலுவலகத்தில் ஓடுகிற அந்தக் கணினியில் விண்டோஸ் எந்தப் பதிப்பு, என்னென்ன துணைப்பொதி, என்ன எழுத்துரு, தேதி எந்த முறையில், பயனருக்கு என்ன அனுமதி என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது. போய்ப் பார்த்துவிட்டு வருவார். வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.